எண்ணக் கூடாத மரங்கள்

வாக்கியத்தில் பிழை இல்லை. என் மனம் முதலில் பார்த்தது அதைத்தான்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு பக்கம் நான், எதிரே என் அண்ணன் மனைவி, மதினி. நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கிண்ணம் அரிசி, ஒரு கை புளியங்கொட்டை. சமையலறையில் மிக்ஸி ஓடி நின்றது. தேங்காய் அரைத்த வாசனை கூடத்துக்கு வந்தது.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். "ஹவ் மெனி கோகனட் ட்ரீஸ் டூ யூ ஹாவ்?"

சில வாரங்களாக இந்தக் கேள்விக்கு மட்டும் மதினி 'எ ஃபியூ' என்றே சொல்லி வந்தார். 'எ லாட் ஆஃப்' என்று சொல்லுங்கள் என்று ஒவ்வொரு முறையும் நான் திருத்துவேன். தலையை ஆட்டுவார். மறுநாள் கேட்டால் மறுபடியும் 'எ ஃபியூ'தான். அன்று அவர் புளியங்கொட்டைகளைப் புறங்கையால் ஓரமாகத் தள்ளினார். என்னை நேராகப் பார்த்தார்.

"வீ ஹாவ் நோ ட்ரீஸ்."

'நோ' சரியான இடத்தில் இருந்தது. 'எனி' என்று தடுமாறவில்லை. 'ட்ரீஸ்' பன்மை. நான் "வெரி குட்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் அந்த வாக்கியத்தின் பொருள் எனக்குள் இறங்கியது.

போன வாரம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் மேடை சரிந்ததை எழுதியிருந்தேன். படித்த ஒரு வாசகர், "சாருக்கு வாழ்க்கையில் பெரிய அதிர்ச்சி மேடை சரிந்ததுதானா?" என்று கேட்டிருந்தார். இல்லை ஐயா. என் காலுக்குக் கீழே நிஜமாகவே சரிந்தது இந்த மேசையடியில்தான்.

கௌசியின் கட்டளை

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் திண்டுக்கல்லில் பள்ளி ஆங்கில ஆசிரியர். என் அண்ணன் சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். அப்பா காலமான பிறகு பாகம் பிரித்தபோது டவுன் வீடு எனக்கு வந்தது, தென்னந்தோப்பு அண்ணனுக்குப் போனது. இருவருக்கும் மனக்குறை இல்லை. அண்ணன் வெயிலில் இருந்தால்தான் நன்றாக இருப்பார். நான் நிழலில் இருந்தால்தான் நன்றாக இருப்பேன்.

அண்ணனுக்கு ஒரே மகள் கௌசல்யா. அமெரிக்காவுக்குப் போய் மேல்படிப்புப் படித்து, அங்கேயே வேலை பார்த்து, கல்யாணமும் ஆனவள். அந்த வருடம் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்கு அம்மா வந்தாக வேண்டும் என்று கௌசி ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணனையும் சேர்த்துத்தான் கூப்பிட்டாள். அவர் "தோப்பை யாரு பாக்குறது?" என்ற ஒரே கேள்வியில் ஒதுங்கிவிட்டார்.

விசா நேர்காணலைத் தமிழிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கௌசி கேட்கவில்லை. விமானத்தில் அம்மா தனியாக வர வேண்டும், இறங்கியதும் அதிகாரி கேட்பார், ஆஸ்பத்திரியில் நர்சிடம் பேச வேண்டும், எத்தனை இடத்தில் ஆள் தேடுவது என்றாள். எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள்.

"சித்தப்பா, அம்மாவுக்கு மத்ததெல்லாம் பேசிப் பழகிடும். இந்த 'ஹவ் மச்', 'ஹவ் மெனி'லதான் மாட்டிக்கும். எவ்வளவு, எத்தனைன்னுதான் அங்க எல்லாத்தையும் கேப்பாங்க. அதை மட்டும் நல்லாச் சொல்லிக் குடுங்க. ஊருக்குத் திரும்பிப் போக என்ன இருக்குன்னு விசா ஆபீசர் கேட்டா, நாலு ஏக்கர் தோப்பு இருக்கு, நெறைய மரம் இருக்குன்னு அம்மா டக்குனு சொல்லணும்."

எதையும் முறையாகச் செய்தே எனக்குப் பழக்கம். மதினி வாரத்தில் மூன்று நாள் காலை பஸ்ஸில் வருவார். எண்ணக்கூடியதற்குப் புளியங்கொட்டை, எண்ண முடியாததற்குத் தண்ணீர் என்று மேசையில் வைத்தேன். 'மெனி' என்றால் கொட்டையைத் தொட வேண்டும், 'மச்' என்றால் டம்ளரைத் தொட வேண்டும்.

அரிசியில்தான் சண்டை வந்தது. ஆங்கிலத்தில் அரிசி எண்ண முடியாத பொருள் என்றேன். மதினி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரனுக்குப் பொறுமை இல்லைன்னு சொல்லுங்க" என்றார்.

விமலா, என் மனைவி, சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "மதினி, அவரு குடுக்குற வீட்டுச்செலவு மட்டும் எந்தக் கணக்குன்னு கேளுங்க. தண்ணியா, கொட்டையா?"

மதினி எட்டாவது வரை படித்தவர். ஆனால் காது கூர்மை. 'எ லிட்டில் சுகர்', 'டூ மச் சால்ட்', 'எ ஃபியூ டேப்லட்ஸ்' எல்லாம் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிட்டன. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வருவாராம். பக்கத்தில் இருந்த பெண் ஜெபம் செய்கிறார் என்று நினைத்து, தனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாளாம்.

மாட்டிக்கொண்டது ஒரு வாக்கியத்தில் மட்டும்தான். மரங்கள்.

முதல் மரக்கால் லாபம்

அவர் ஏன் 'எ ஃபியூ'வை விடவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. அந்த விளக்கத்தில் எனக்கு முழுத் திருப்தியும் இருந்தது. அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகிறேன்.

எங்கள் பக்கத்து வெள்ளாமைக்காரர்கள் யாரும் அளவைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். சிலுவத்தூர்ச் சாலையில் ஒரு கிடை ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவரிடம் எத்தனை உருப்படி என்று கேளுங்கள். "ஏதோ நாலு குட்டி கெடக்கு" என்பார். பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக மல்லிகை இறக்குகிறவரும் "இன்னைக்கு என்னத்த வந்துச்சு" என்பார். யாரையும் ஏமாற்றுவதற்காக அல்ல. வாய்விட்டுச் சொன்னால் கண் படும். சொன்ன அளவோடு நின்றுபோகும் என்று ஒரு பயம்.

களத்தில் நெல் அளக்கும்போது அப்பா முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. சின்ன வயதில் நான் லாபம் என்பதுதான் ஒன்றுக்கு நிஜப் பெயர் என்று நினைத்திருந்தேன். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் எண்ணச் சொன்னபோது "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தேன், வகுப்பே சிரித்தது.

தோப்புக்கும் இதே சட்டம்தான். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கலாம், விரலை நீட்டக் கூடாது. ஒரு தடவை நான் வரிசையாக மரங்களை எண்ணிக்கொண்டே போனேன். அப்பா பின்மண்டையில் ஒன்று வைத்தார். "என்னடா எண்ணுற? நீ என்ன ஏலம் எடுக்க வந்தவனா?"

ஆகவே எங்கள் தோப்பில் எத்தனை மரம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வருமான வரிக் கணக்கிலிருந்து பால் பாக்கெட் வரை எழுதி வைக்கிற எனக்கு, தெரியாத எண் அது ஒன்றுதான். தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை. அடுத்தவர் தோப்பின் அளவைக் கேட்பது அநாகரிகம். பாகம் பிரிந்த பிறகு அண்ணனும் அந்த விஷயத்தில் அடுத்தவர்தான். "காய்ப்பு எப்படிண்ணே?" என்று கேட்பேன். "ஏதோ இருக்கு" என்பார். கேள்வியும் முடிந்தது, பதிலும் முடிந்தது.

மதினியின் 'எ ஃபியூ'வை நான் இந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். கண்ணேறுக்குப் பயந்து குறைத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். "மதினி, விசா ஆபீசர் கண்ணு படாது, தைரியமாச் சொல்லுங்க" என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு தாமதம் இருந்ததை இப்போது நினைத்தால்தான் தெரிகிறது.

ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. வாயைத் திறப்பதற்கு முன்பே, சொல்லப்போகும் பொருளை எண்ண முடியுமா முடியாதா என்று முடிவு செய்தாக வேண்டும். இருக்கிறதா, இல்லையா, போதுமா, குறைவா என்று ஒவ்வொரு வாக்கியமும் வாசலிலேயே நிறுத்திக் கேட்கும். ஏதோ இருக்கு என்று சொல்லிவிட்டு நழுவ முடியாது.

மேசைக்கு எதிரே

"மதினி, மரமே இல்லைன்னு சொன்னா விசா குடுக்க மாட்டாங்க" என்றேன். இன்னும் பாடம் நடப்பதாகவே என் குரல் நினைத்துக்கொண்டிருந்தது.

"இருந்தாத்தான தம்பி இருக்குன்னு சொல்ல முடியும்."

"என்ன சொல்றீங்க?"

"தோப்பு வித்தாச்சு. கௌசி படிக்கப் போனப்பவே."

டம்ளரிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். பாடத்துக்கு வைத்த தண்ணீர். அண்ணன் அன்று காலையில்கூடத் தோப்புக்குப் போகிறேன் என்று போனில் சொன்னார். தோப்புக் காய் என்று பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் அனுப்பும் தேங்காய் மூட்டை பரணுக்குக் கீழே இருந்தது. சற்று முன் மிக்ஸியில் அரைபட்டது அந்த மூட்டைத் தேங்காய்தான்.

"ஏன் மதினி இத்தனை வருசம்..."

மதினி வேறொன்று சொன்னார். "தமிழ்ல சொல்ல வாய் வரல தம்பி. எத்தனையோ தடவை உங்ககிட்ட சொல்லிரணும்னு பஸ் ஏறி வந்துட்டு, கொழம்பென்ன, வெஞ்சனம் என்னன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிருக்கேன். இங்கிலீசுல சொன்னா யாரோ சொல்ற மாதிரி இருக்கு. அதான் சொல்லிட்டேன்."

விமலா கரண்டியோடு வந்து நின்றிருந்தாள். எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், நம்ம தோப்புக் காயின் பாலுக்குக் கடைக்காய் ஈடாகாது என்று இரண்டு காய் கொண்டுபோய்க் கொடுப்பவள் அவள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் இம்புட்டு நாளா யார் வீட்டுக் காயைப் புகழ்ந்துக்கிட்டு இருந்தேன்?"

யாரும் சிரிக்கவில்லை.

மதினிக்கு இருந்த சிக்கல் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. கௌசிக்கு எதுவும் தெரியாது. வங்கிக் கடனில் படித்ததாக அவள் நம்புகிறாள். அதிகாரி கேட்டால் நாலு ஏக்கர் என்று சொல்லச் சொல்கிறாள். போனில் தினமும் அதையே கேட்டுக் கேட்டுப் பழக்குகிறாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் விசா போய்விடும், பிரசவத்தில் அவள் தனியாகக் கிடப்பாள். உண்மையைச் சொன்னால் மகளுக்குத் தெரிந்துவிடும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் சொல்லக் கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பான உத்தரவு.

தோப்பை விடுங்கள், வீடு இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். "ஆபீசர் விட்டாலும் அவ விட மாட்டா" என்றார் மதினி.

அன்றைய நாட்குறிப்பில் தேதி போட்டேன். அதன் கீழே எதுவும் எழுதாமல் மூடி வைத்தேன்.

குளவிக்கூடு

அன்று பிற்பகல் முழுவதும் பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

பள்ளி நண்பர்களை இளநீர் குடிக்கத் தோப்புக்கு அழைத்து வருகிறேன் என்று ஒரு முறை சொன்னேன். குளவி கூடு கட்டியிருக்கிறது, வேண்டாம் என்றார் அண்ணன். அடுத்த வருடம் மோட்டார் ரூம் சுவர் விழுந்துவிட்டது, பாதை அடைத்துக் கிடக்கிறது என்றார். அதற்கடுத்து நல்ல பாம்பு. அண்ணன் தோப்பில் எத்தனை இடைஞ்சல் என்று நான் விமலாவிடம் வருத்தப்பட்டேன். ஊருக்குப் போய்த் தோப்புக்கு வருகிறேன் என்று நான் எப்போது சொன்னாலும், "நீ எதுக்கு அந்தக் கரட்டுப் பாதைல வண்டியை ஓட்டுற, நானே வீட்டுக்கு வாரேன்" என்பார். என்ன பாசம் என்று நினைத்தேன்.

ஊரில் ஒருவராவது சொல்லியிருக்கலாமே என்று மதினியிடம் கேட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியாமல் விற்றிருப்பாரா என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள் என்றார். தவிர, விற்றவர் தம்பியிடம் விற்றதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அதுவும் எங்கள் பக்கத்து நாகரிகம்தான்.

நீலச் சட்டை

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். நான் நினைத்துக்கொண்டிருந்த கரட்டுப் பாதை தார்ச் சாலையாக இருந்தது. முகப்பில் ஒரு வளைவு. இரு பக்கமும் வண்ண வண்ணக் கொடிகள். பெரிய பலகையில் யாரோ ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளையடித்த மனைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. மரங்கள் இருந்த அதே வரிசை என்று எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

வாசலில் இரும்புக் கேட். பக்கத்தில் தகரக் கொட்டகை. அதன் தலைக்கு மேல் ஒரே ஒரு தென்னை. அதன் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நீலச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டு எழுந்து வந்தார்.

"பிளாட் பாக்க வந்தீங்களா சார்? ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்ற முடியவில்லை. என் அண்ணன் என்னை சார் என்று கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்.

பிறகு அவரே ஸ்கூட்டரை அடையாளம் கண்டுகொண்டார். கேட்டைத் திறந்தார். "உள்ள வாப்பா, வெயில்ல நிக்காத" என்றார். நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார். இருந்தது ஒரே நாற்காலி. நானும் உட்காரவில்லை, அவரும் உட்காரவில்லை. கொட்டகைக்குள் ஆணியில் அவருடைய வெள்ளைச் சட்டை தொங்கியது. வீட்டிலிருந்து வெள்ளையில் புறப்பட்டு வந்து, இங்கே நீலத்துக்கு மாறிக்கொள்கிறார்.

"எப்பண்ணே?" என்றேன்.

"தண்ணி போச்சு. மரமெல்லாம் மண்டை காஞ்சு நின்னுச்சு. பிள்ளைக்கு அங்க எடம் கெடச்சுச்சு. மூணும் ஒரே வருசம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ என்ன செய்வ? விக்காதம்ப. இல்லாட்டி என் வீட்டை வச்சுக் கடன் வாங்குண்ணேம்ப. ரெண்டுல எதைச் சொல்லியிருந்தாலும் எனக்குத் தாங்காது."

"சரி, வித்தாச்சு. இங்க எதுக்குண்ணே காவலுக்கு?"

அண்ணன் கேட் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். காலையில் எழுந்தால் வண்டி தானாக இந்தப் பக்கம்தான் திரும்புகிறது என்றார். விற்ற பிறகும் பல நாள் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மரங்களைத் தள்ளியதையும் நின்று பார்த்திருக்கிறார். ஒரு நாள் இங்கே மேனேஜராக இருக்கும் பையன், யாருய்யா நீ, தினமும் வந்து நிற்கிறாய் என்று விரட்டியிருக்கிறான்.

"வேலை கேட்டு வந்தேன்னு சொல்லிட்டேன்" என்றார் அண்ணன்.

அந்த மேனேஜருக்கு இன்று வரை இவர் யாரென்று தெரியாது.

அப்படி ஒரு நேரத்தில் மனிதன் எதையாவது அற்பமாகத்தான் கேட்பான். தேங்காயைப் பற்றிக் கேட்டேன். அதற்கு மட்டும் அண்ணன் சிரித்தார்.

"சந்தைலதான். நம்ம காய் செத்த நீளவாக்குல இருக்கும்ல. அப்படிப் பாத்துப் பொறுக்கி எடுப்பேன். ஒரு வருசம் உருண்டைக் காயாப் போச்சு. விமலா கண்டுபிடிச்சிரும்னு ரொம்பப் பயந்தேன்."

கிளம்பும்போது மறுபடியும் சொன்னார். "கௌசிக்குத் தெரியக் கூடாதுப்பா. தெரிஞ்சா அது இனிமே அங்க ஒரு நல்ல சோறு திங்காது."

ஞாயிற்றுக்கிழமை

கௌசி ஞாயிறு காலையில் வீடியோவில் வருவது வழக்கம். அவளுக்கு அது முந்தைய நாள் இரவு. அந்த ஞாயிறு மதினி எங்கள் வீட்டில் இருந்தார். அண்ணன் அவரை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, இட்லி சாப்பிட்டுக் கூடத்து மூலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். நானும் அவரும் முகம் பார்த்துப் பேசவில்லை.

கௌசி வயிற்றின் மேல் ஒரு தலையணையைப் போட்டு அதன் மேல் கையை வைத்திருந்தாள். தானே விசா அதிகாரி என்றாள். குரலைக் கனமாக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள். எத்தனை பிள்ளைகள்? ஒரு மகள். எவ்வளவு நாள் தங்குவீர்கள்? சில மாதங்கள். மதினி ஒவ்வொன்றுக்கும் அளந்து பதில் சொன்னார். 'எ ஃபியூ மந்த்ஸ்' என்றபோது கௌசி எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாள்.

"ஹவ் மெனி கோகனட் ட்ரீஸ் டூ யூ ஹாவ்?"

மதினி அண்ணனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"நோ ட்ரீஸ்" என்றார். "வீ ஹாவ் நோ லேண்ட்."

கௌசி சிரித்தாள். "அம்மா, நாலு ஏக்கர்னு சொல்லணும். சித்தப்பா, என்ன சொல்லிக் குடுத்திருக்கீங்க?"

"சித்தப்பா சரியாத்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றார் மதினி. "நோ லேண்ட்."

சிரிப்பு கௌசியின் முகத்தில் பாதியில் நின்றது. அவள் கண்கள் திரையில் யாரையோ தேடின. அப்பா எங்கே என்றாள். அண்ணன் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். போன் முன்னால் நின்றார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

"ஆமாத்தா" என்றார்.

அவள் ஏன் என்றோ எப்போது என்றோ கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு. நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது.

"அப்ப தினமும் காலைல வண்டியெடுத்துட்டு எங்கப்பா போறீங்க?"

"அங்கதான் தாயி."

திரை இருட்டானது. அவள்தான் அணைத்தாள்.

அண்ணன் மதினியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சமையலறைக்குப் போய்த் தானே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். என் வீட்டில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வெளியே போய் வண்டியை உதைத்தார். "டூட்டிக்கு நேரமாச்சு" என்றார். அந்தச் சொல்லை அவர் எங்கள் முன்னால் சொன்னது அதுதான் முதல் முறை.

ஒரு காய்

அடுத்த இரண்டு மூன்று நாள் கௌசியிடமிருந்து எதுவும் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் அவள் நன்றாக இருப்பதாக ஒரு வரி அனுப்பினார். மதினி வகுப்புக்கு வந்தார். மேசையில் உட்கார்ந்தார். இருவரும் புளியங்கொட்டையைத் தொடவில்லை. ஒருவேளை அவள் வராதே என்று சொல்லிவிடுவாளோ என்று மட்டும் கேட்டார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிறகு ஒரு காலை அவளுடைய குரல்பதிவு வந்தது. எனக்கு அல்ல, அண்ணனுக்கு. அவர் வேலையிடத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டினார்.

"அப்பா, ஒரு மரம்கூட மிச்சமில்லையா?" அவ்வளவுதான் கேட்டிருந்தாள். அழுத குரல் அல்ல. அழுது முடித்த குரல்.

அண்ணன் பதில் அனுப்பியிருந்தார். ஒன்று நிற்கிறது, ஆனால் அது நம்முடையது இல்லை என்று. அதற்கு அவள் சொன்னது இது. "யாருதா இருந்தாலும் சரி. அம்மா வரும்போது அதுல இருந்து ஒரு காய் குடுத்து விடுங்க."

விசாவுக்குச் சென்னை போனோம். நான் வெளியே எதிர்ப்பக்க நடைபாதையில், பைகளைக் காத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தோடு நின்றேன். மதினி வெளியே வந்தபோது முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கிடைத்துவிட்டது என்றார். தோப்பைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். நிலத்தைப் பற்றியும் இல்லை. யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், கணவர் என்ன செய்கிறார். அவ்வளவுதான்.

"கணவர் என்ன செய்றாருன்னதுக்கு என்ன சொன்னீங்க?"

"வாட்ச்மேன்னு சொன்னேன். அது இங்கிலீசுன்னே எனக்குத் தெரியாது தம்பி. அந்தாளு புரிஞ்சுக்கிட்டதும்தான் தெரிஞ்சது."

நாங்கள் அத்தனை வாரம் பழகிய வாக்கியம், ஒரு குடும்பத்தையே உலுக்கிய வாக்கியம், அங்கே யாருக்கும் தேவைப்படவே இல்லை.

காய் பறிக்க அண்ணன் மேனேஜரிடம் அனுமதி கேட்டிருக்கிறார். அந்தப் பையன் சிரித்துவிட்டு, "பத்து வேணாலும் எடுத்துக்கங்க பெரியவரே, யாரு கேக்கப் போறா" என்றானாம். அண்ணன் ஒன்றுதான் பறித்தார். தானே மட்டை உரித்து, குடுமியைக் கத்தரித்து, ஈரம் போகத் துடைத்துக் கொண்டுவந்தார். கொஞ்சம் நீளவாக்கில்தான் இருந்தது. விமலா கையில் வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

மதினி போய் இறங்கிய அன்று அண்ணன் எங்கள் வீட்டில்தான் இருந்தார். வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். நீலச் சட்டை. இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். மதினியின் குரல்பதிவு வந்தது. பின்னால் கௌசி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"தம்பி, நல்லபடியா வந்து சேந்துட்டேன். பெட்டியில திங்கிற பொருள் இருக்கான்னு ஒருத்தன் நிறுத்துனான். கோகனட்னு சொன்னேன். ஹவ் மெனின்னான். நீங்க சொன்ன மாதிரியேதான் கேட்டான். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் 'லாபம்'னு வந்துருச்சு. அவனுக்கு எங்க புரியப் போகுதுன்னு, 'ஒன்'னு சொன்னேன். நம்பல. பெட்டியைத் தெறந்து தொழாவிப் பாத்தான். ஒண்ணுதான் இருந்துச்சு."

அண்ணன் அதை இன்னொரு தடவை போடச் சொன்னார்.